சைக்கிள் ஓடி எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

வட்டக்கச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 34, உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ. கிளிநொச்சியில் கந்தோர் வேலை, நாள் முழுக்கக் கதிரைதான். கிழமைக்கு ஐந்து நாள் பின்னேரம் வாய்க்கால் கரையால் ஒரு மணித்தியாலம் சைக்கிள் ஓடுகிறார். கையிலுள்ள வாட்ச் ஒவ்வொரு முறையும் 480 கலோரி அளவில் எரிந்ததாகக் காட்டுகிறதாம். போனில் உள்ள செயலி நாளுக்கு 1200 கலோரி என்று சொல்லிவிட்டு, சைக்கிள் ஓடிய நாளில் அதை 1680 ஆக்கிவிடுகிறதாம். "அந்த 480ஐச் சாப்பிடலாமா அக்கா? ஜிம்முக்குப் போற தம்பி ஒன்றுமே கூடச் சாப்பிடாதே என்கிறான். கந்தோரில் பக்கத்தில் இருப்பவர், சாப்பிடாவிட்டால் உடம்பு பட்டினி என்று நினைத்து நிறையைப் பிடித்துவைத்துவிடும் என்கிறார். ஆறு கிழமையாக நிறை அசையவில்லை."

தங்கச்சி, நேரே பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாட்ச் சொல்லும் 480ஐச் சாப்பிடவேண்டாம். அதேநேரம் செயலி தந்த 1200இலும் கிடக்கவேண்டாம். சைக்கிள் ஓடிய நாளும் ஓடாத நாளும் ஒன்றுபோல 1500 கலோரி அளவில் சாப்பிடுங்கள். நீங்கள் ஓடும் சைக்கிள் அந்த 1500க்குள்ளேயே கணக்கில் சேர்ந்துவிட்டது. எப்படிச் சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிறை 70க்கு வந்த பிறகு இந்தக் கணக்கை நீங்களே மாற்றிப் போடவேண்டி வரும், அதற்கு இது விளங்கியிருக்கவேண்டும்.

ஒன்றும் செய்யாமல் பாயில் படுத்துக் கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல் எல்லாம் ஓடுவதற்கு உடம்பு ஒரு தொகையைச் செலவழிக்கிறது. அதைக் கணிக்க 1990இல் வந்த மிஃப்லின் - செயின்ற் ஜியோர் சூத்திரம் இன்றைக்கும் நன்றாக உதவுகிறது. நிறையை 10ஆல் பெருக்குங்கள், உயரத்தை 6.25ஆல், வயதை 5ஆல். முதல் இரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழியுங்கள். பெண் என்றால் இன்னும் 161 கழிக்கவேண்டும், ஆண் என்றால் 5 கூட்டவேண்டும். உங்களுக்கு 1400க்கு ஒரு சொட்டுக் குறைவாக வருகிறது. கதிரை வேலைக்காரருக்கு அதை 1.2ஆல் பெருக்குவது வழக்கம். அப்போது 1675. சைக்கிளைத் தொடாத நாளில் உங்கள் செலவு ஏறக்குறைய இவ்வளவுதான்.

இனிச் செயலி செய்ததைப் பாருங்கள். கிழமைக்கு அரைக் கிலோ குறையவேண்டும் என்று கேட்டிருப்பீர்கள். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று வைத்தால், அரைக் கிலோவுக்கு நாளுக்கு 550 குறைக்கவேண்டும். 1675இல் 550 போனால் 1125. பெண்களுக்கு 1200க்குக் கீழே போகவேண்டாம் என்ற வரம்பு இருப்பதால் 1200இல் நிறுத்திவிட்டது. இந்த 1200க்குள் உங்கள் சைக்கிள் இல்லவே இல்லை. கதிரையில் இருந்த நாளுக்கான கணக்கு அது. அதனால்தான் நீங்கள் ஓடும்போதெல்லாம் மேலே கூட்டித் தருகிறது. அது பிழையான முறை அல்ல.

தம்பி பிடித்திருப்பது மற்ற முறை. ஜிம்மில் கணக்குப் போட்டுக் கொடுப்பவர்கள், கிழமையில் செய்யும் பயிற்சியையும் பார்த்து, 1.2க்குப் பதிலாக 1.375 அல்லது 1.55ஆல் பெருக்கித்தான் நாளின் அளவைச் சொல்வார்கள். பயிற்சி முதலிலேயே உள்ளே வந்துவிட்டதால், அதற்கு மேல் திரும்பவும் சாப்பிட்டால் ஒன்றை இரண்டு தரம் எண்ணியதாகிவிடும். ஆகவே தம்பி தன் கணக்குக்குச் சரியாகச் சொல்கிறான். உங்கள் 1200க்கு அவன் சொல்வது பொருந்தாது. யார் என்ன ஆலோசனை சொன்னாலும், "என் இலக்குக்குள் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். இந்த விடயத்தில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி இதைக் கேளாததால் வருவதுதான்.

சரி, செயலியின் முறை பிழை இல்லை என்றால் 480ஐச் சாப்பிடவேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? அந்த 480 பிழை.

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகையான வாட்சுகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டு, அவர்கள் சுவாசித்த ஒட்சிசனை அளந்து உண்மையான செலவோடு ஒப்பிட்டார்கள். இதயத்துடிப்பை அநேகமான வாட்சுகள் நன்றாகவே அளந்தன. கலோரியில் எல்லாம் வழுக்கின. ஆகத் திறமானதே சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது. மோசமானது 93 சதவீதம். துடிப்பிலிருந்து கலோரிக்குப் போகும் இடத்தில் வாட்ச் செய்வது ஒரு ஊகம்.

எங்கள் வெயிலில் அந்த ஊகம் இன்னும் தடுமாறும். பின்னேரம் நாலு மணிக்கு இரணைமடு வாய்க்கால் கரையில் தார் இல்லாத கிரவல் பாதையில் ஓடிப்பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழிருந்து மேல்வரை சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு இரத்தத்தைக் கூடுதலாக இறைக்கவேண்டியிருக்கிறது. துடிப்பு ஏறுகிறது. வியர்த்து நீர் குறையக் குறைய இன்னும் ஏறும். கால்கள் செய்யும் வேலை அதே அளவுதான், ஆனால் துடிப்பை மட்டும் பார்க்கும் வாட்ச் பெரிய வேலை நடக்கிறது என்று எழுதிக்கொள்ளும். நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு நாள் விடிய ஆறு மணிக்கும் இன்னொரு நாள் பின்னேரம் நாலு மணிக்கும் அதே வாய்க்கால், அதே சைக்கிள், அதே தூரம், அதே வேகம். இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஓடி முடிய நிறை பார்த்து முக்கால் கிலோ குறைந்துவிட்டது என்று சந்தோசப்படுபவர்களுக்கும் இதையே சொல்வேன். அது தண்ணீர். குடித்துவிடுங்கள்.

உண்மையான அளவை வாட்ச் இல்லாமலே ஓரளவு கணிக்கலாம். உடல் அசைவுகளுக்கு 'மெட்' என்று ஒரு அலகு இருக்கிறது. சும்மா இருப்பது 1 மெட், அதாவது ஒரு கிலோ உடல்நிறைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. ஊர்ச் சைக்கிளில் மணிக்கு 16 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் ஓடுவது 4 மெட் அளவு. உங்கள் 74 கிலோவுக்கு ஒரு மணித்தியாலத்தில் 296. இதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த மணித்தியாலம் நீங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்திருந்தாலும் 74 எரிந்திருக்கும், அதுவோ 1675க்குள் ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது. கழித்தால் சைக்கிளால் மட்டும் வந்தது 222. சோளகக் காற்று எதிரே அடிக்கும் நாளில் கொஞ்சம் கூடும், காற்று முதுகில் தள்ளும்போது குறையும். 480 ஆகாது.

அந்த 222உம் முழுதாகக் கையில் நிற்பதில்லை. உடம்பு ஒரு பக்கம் செலவழித்தால் இன்னொரு பக்கம் மிச்சம்பிடிக்கப் பார்க்கும். 1754 பேரின் அளவீடுகளை வைத்து 2021இல் வந்த ஒரு ஆய்வு, அசைவால் எரிப்பதில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு வழிகளில் ஈடுசெய்துகொள்கிறது என்று காட்டியது. அதற்கு முன், 2012இல், தன்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களை ஹேர்மன் பொன்ற்சரின் குழு அளந்தது. நாள் முழுக்க நடக்கும் அந்தச் சனம், உடல் அளவைச் சரிப்படுத்திப் பார்த்தால், நாளொன்றுக்குச் செலவழித்த மொத்தக் கலோரி அமெரிக்காவில் கதிரையில் இருப்பவர்கள் செலவழித்ததற்குச் சமமாகவே இருந்தது. ஆய்வுகளை விடுங்கள், உங்கள் வீட்டைப் பாருங்கள். சைக்கிள் ஓடிய நாளில் இரவு கிணற்றடிக்கு எழும்பிப் போகிறீர்களா, அல்லது "தம்பி, அந்த வாளியை எடுத்துக்கொண்டு வா" என்கிறீர்களா? அந்தச் சின்னச் சின்ன அசைவுகள் குறைவதும் இந்த ஈடுசெய்தலின் ஒரு பகுதி. 222இல் 28 சதவீதம் போனால் மிஞ்சுவது 160. வாட்ச் காட்டிய 480இல் மூன்றில் ஒரு பங்கு.

இனி மற்றப் பக்கம், கோப்பை. நான் பல வருடம் கிளினிக்கில் நிறை பார்க்கும் மேசையில் இருந்தவள். "ஒன்றும் சாப்பிடுவதில்லை மிஸ், ஆனாலும் குறையுதில்லை" என்று சொன்ன எவரையும் பொய் சொல்கிறார் என்று நான் நினைத்ததில்லை. 1992இல் நியூயோர்க்கில், 1200க்குக் கீழே சாப்பிட்டும் மெலிய முடியவில்லை என்று வந்தவர்களை மருத்துவர்கள் கவனமாக அளந்து பார்த்தார்கள். அனுசேபம், அதாவது உடம்பு கலோரியை எரிக்கும் வேகம், சாதாரணமாகவே இருந்தது. சாப்பிட்டதில் ஏறக்குறையப் பாதியை அவர்கள் எழுதாமல் விட்டிருந்தார்கள், உடலசைவை ஒன்றரை மடங்காக எழுதியிருந்தார்கள். வேண்டுமென்று செய்ததல்ல. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும்.

எங்கள் சமையலில் கண்ணளவை ஏமாற்றுவது தேங்காய். போன கிழமை வீட்டில் பிட்டு அவிக்கும்போது எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று பேருக்கு மா 250 கிராம். நீத்துப்பெட்டியில் மாவுக்கு இடையிடையே தூவிய தேங்காய்ப்பூ, வழக்கமான கையளவு, 140 கிராம். மாவில் ஏறக்குறைய 900 கலோரி, தேங்காயில் கிட்டத்தட்ட 500. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேங்காய். செயலியில் "பிட்டு, ஒரு கப்" என்று அழுத்தும்போது உங்கள் அம்மாவின் கை எவ்வளவு தாராளம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்கு மேல் சம்பல், அதுவும் தேங்காய். சொதிக்கு விட்ட முதற்பால் 100 மில்லிலீற்றரில் 200க்கு மேல். பொரியலுக்கு ஊற்றிய எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120. தேங்காயை விடச் சொல்லவில்லை. தேங்காய் இல்லாத பிட்டு தொண்டையில் இறங்காது. ஒரு கிழமைக்கு மட்டும் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள், பிறகு உங்கள் கண்ணே பழகிவிடும்.

தேத்தண்ணீரும் அப்படித்தான். மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி பால்மா, தேக்கரண்டியால் குவித்து இரண்டு கரண்டி சீனி போட்டால் ஒரு கோப்பை 120ஐத் தாண்டும். கந்தோரில் இரண்டு தரம் குடித்தால் 240. முறிகண்டியில் பஸ் நிற்கும்போது பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வாங்கும் கச்சான் 50 கிராம் இருந்தால் 280க்குக் குறையாது. உங்கள் ஒரு மணித்தியாலச் சைக்கிள் அதற்குள் போய்விட்டது. கச்சான் நல்ல சாப்பாடு, புரதம் உள்ளது, நான் எதிரியில்லை. பஸ்ஸில் கொறித்ததையும் சாப்பாடாக எண்ணுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது உங்கள் ஆறு கிழமை ஏன் நின்றது என்று பார்க்கலாம். ஓடிய நாளில் செலவு 1675உம் 222உம், கிட்டத்தட்ட 1900. செயலியை நம்பிச் சாப்பிட்டது 1680. தாளில் இன்னும் 220 பற்றாக்குறை இருக்கிறது, மெலியத்தான் வேண்டும். ஆனால் எழுதாத இரண்டு தேத்தண்ணீரோ நிறுக்காத ஒரு கை தேங்காய்ப்பூவோ அந்த 220ஐ முழுதாகத் தின்றுவிடும். ஓடாத இரண்டு நாளும் 1200 என்று இறுக்கிப் பிடித்ததில் பசி ஏறி, அடுத்த நாள் கை தளர்ந்திருக்கும். உங்களிடம் மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வாட்ச் தந்த எண் பிழைத்தது, அவ்வளவுதான்.

இதற்குள் இன்னொன்றும் நடந்திருக்கலாம். புதிதாக ஒரு பயிற்சியைத் தொடங்கும்போது தசைகள் முதல் சில கிழமை நீரைப் பிடித்துவைக்கும். மாதவிடாய்க்கு முன்னும் ஒன்று இரண்டு கிலோ நீர் ஏறி இறங்கும். கொழுப்பு குறைந்தும் தராசு அதைக் காட்டாமல் இருக்கலாம். தையல் நாடாவால் இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள். எங்களைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது கவனம் எடுக்கவேண்டிய எல்லை. சீனி வருத்தமும் பிரஷரும் எங்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த நிறையிலேயே வந்துவிடுகின்றன.

அடுத்தது உங்கள் பக்கத்து மேசைக்காரர் சொன்னது. சாப்பிடாவிட்டால் உடம்பு நிறையைப் பிடித்துவைக்கும் என்று. 1944 - 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்பவர் தாமாக முன்வந்த 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். நாளுக்கு 1600 கலோரிக்குக் கிட்டச் சாப்பாடு, கிழமைக்கு 35 கிலோமீற்றர் நடை. நடந்ததற்கு மேலதிகச் சாப்பாடு கிடையாது. அனுசேபம் குறையத்தான் செய்தது, நன்றாகவே குறைந்தது. ஆனாலும் நிறை இறங்கிக்கொண்டே போய் உடம்பில் கால்வாசி கரைந்தது. குளிர் தாங்கவில்லை, எழும்பி நடக்க மனமில்லை, கனவிலும் சாப்பாடுதான் வந்தது. அனுசேபம் மந்தமாகும் என்பது உண்மை. அது நிறை குறைவதை நிறுத்திவிடும் என்பது உண்மையல்ல.

இந்த மண்ணில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல மினசோட்டாவுக்குப் போகத் தேவையில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. அவர்களில் ஒருவருடைய உடம்பும் நிறையைப் பிடித்துவைக்கவில்லை. இதை இங்கே கொண்டுவருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் அம்மாவும் அந்தப் பாதையால் வந்தவராக இருந்தால், மகள் கோப்பையில் கொஞ்சமாகப் போடுவதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. "இன்னும் கொஞ்சம் போடு பிள்ளை" என்று சொல்வது அவருடைய பயம். அதோடு சண்டை பிடிக்காதீர்கள். கலோரி என்று அவருக்குப் பாடம் எடுக்கவும் வேண்டாம். அவர் போடுவதில் மீனையும் கீரையையும் கூடக் கேளுங்கள், சோறு தன்பாட்டில் குறையும். அம்மாவின் மனமும் நிறையும்.

அப்படியானால் 1200இலேயே இருந்து விரைவாக முடிக்கலாமே என்று கேட்பீர்கள். 1200 சாப்பிட்டு 222 சைக்கிளுக்குக் கொடுத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது ஆயிரத்துக்கும் கீழே. படுத்துக் கிடக்கவே 1400 கேட்கும் உடம்புக்கு அது போதாது. சில கிழமை தாங்கும். பிறகு கொழுப்போடு தசையும் போகும், தலை சுற்றும், முடி கொட்டும், நித்திரை குழம்பும், மாதவிடாய் தள்ளிப்போகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் விளையாட்டு வீரர்களிடம் இந்த நிலைக்கு ஒரு பெயரே வைத்து எச்சரித்தது. வீரர்களுக்கு மட்டும் வருவதல்ல. மாதவிடாய் இரண்டு தரம் தவறினால் கணக்கை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

இதை எல்லாம் சேர்த்துத்தான் 1500. கிழமையில் ஐந்து நாள் சைக்கிளை, நாளுக்கு 222 படி, ஏழு நாளுக்கும் பிரித்தால் நாளுக்கு 160 அளவு. 1675உடன் கூட்டினால் 1835. உடம்பு மிச்சம்பிடிப்பதையும் கழித்தால் 1790. 1500 சாப்பிட்டால் நாளுக்கு 290 அளவு குறைகிறது, கிழமைக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் கூட, நாலு கிழமையில் ஒரு கிலோவுக்கு மேல். மெதுவாக இருக்கிறதே என்று மனம் சொல்லும். ஆறு கிழமை அசையாமல் நின்றதைவிட இது வேகம், ஒரு வருடம் தாங்கக்கூடிய வேகமும் இதுதான்.

1500 என்பது பசி கிடக்கும் அளவல்ல. அவித்த சோறு 100 கிராமில் 130 கலோரி. மத்தியானம் 200 கிராம் சோறு, முல்லைத்தீவு மீனில் ஒரு குழம்பு, முருங்கையிலையோ பொன்னாங்காணியோ ஒரு சுண்டல், பருப்பு, இவ்வளவும் தாராளமாக உள்ளே வரும். ஒவ்வொரு நேரமும் ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும், முட்டை, மீன், கருவாடு, பயறு, கௌப்பி, தயிர். நிறை குறையும் காலத்தில் தசையைக் காப்பது அதுதான், பசியை அடக்குவதும் அதுதான். சைக்கிளால் வந்து இறங்கும்போது குடலைப் பிடுங்கினால் ஒரு அவித்த முட்டையும் ஒரு கதலிப்பழமும் சாப்பிடுங்கள், 150க்குள் வரும். அதை இரவுச் சாப்பாட்டிலிருந்து முன்னுக்கு இழுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியின் முறையை விட மனமில்லை, 1200ஐ வைத்துக் கூட்டித்தான் பழகிவிட்டது என்றால் 1200ஐ 1350 ஆக்குங்கள். ஓடிய நாளில் வாட்ச் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், 150இலிருந்து 160. கிழமை முடிவில் அதுவும் 1500க்குக் கிட்டத்தான் வந்து நிற்கும். எனக்கு ஒரே அளவு முறைதான் பிடிக்கும், காரணம் கணக்கல்ல. நாளாந்தம் "இன்றைக்கு ஓடினேன், அதனால் சாப்பிடலாம்" என்றும் "நேற்று கலியாண வீட்டில் கூடச் சாப்பிட்டேன், அதனால் இன்றைக்கு இரண்டு மணித்தியாலம் ஓடவேண்டும்" என்றும் மனம் பழகிவிட்டால், சைக்கிள் தண்டனையாகிவிடும். அந்தப் பழக்கத்தோடு கிளினிக்குக்கு வந்த இளம் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். நிறை குறைந்திருந்தது, முகத்தில் ஒரு சந்தோசம் இல்லை. வாய்க்கால் கரையில் கொக்கும் நாரையும் பார்த்துக்கொண்டு ஓடும் ஒரு மணித்தியாலம் இரத்த அழுத்தத்துக்கு நல்லது, சீனிக்கு நல்லது, நித்திரைக்கு நல்லது. நிறை ஒரு கிராம் குறையாவிட்டாலும் அது வீண் இல்லை.

இது எல்லாம் உங்களுக்குச் சொன்னது. இதை வாசிக்கும் மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. செலவழித்ததைக் கட்டாயம் திரும்பச் சாப்பிடவேண்டியவர்கள் இருக்கிறார்கள். காலபோகத்தில் களை பிடுங்கப் போய் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கும் பெண்ணுக்கு 1.2ஆல் பெருக்கும் கணக்கு செல்லாது. அது அவருக்குப் பயிற்சியும் அல்ல, நாளின் அடிப்படை வேலை. அதற்குரிய சோறு வயலுக்குப் போகத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னி வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் 70 கிலோ நிறையில் ஒரு நாளில் 20 கிலோமீற்றர் நடந்தால் நடைக்கு மட்டும் 700 கலோரி அளவு கூடச் செலவாகும். வழியில் கிடைக்கும் அன்னதானத்தை மெலிய நினைத்து மறுக்கவேண்டாம், நாளை நடக்க முடியாமல் போகும். பயிற்சி ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டும் உதைபந்தாட்டப் பெடியள், வளரும் வயதுப் பிள்ளைகள், இவர்களுக்கும் அப்படித்தான்.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு நாளுக்கு 500 அளவு மேலதிகமாக வேண்டும். கர்ப்பிணிகள் நிறை குறைக்கும் பேச்சையே எடுக்கக்கூடாது, குடும்பநல மாது சொல்வதைக் கேளுங்கள். சலரோகத்துக்கு இன்சுலினோ, கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பயிற்சியையும் கூட்டினால் சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழலாம். மருந்தின் அளவைக் குறைக்கவேண்டுமா என்று முதலில் கிளினிக்கில் கேளுங்கள், ஓடப் போகும்போது சட்டைப்பையில் சீனியோ குளுக்கோசோ இருக்கட்டும். தனிய மெற்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு.

இனி உங்கள் வேலை. காலையில் எழும்பி மலசலகூடம் போய்வந்து, தேத்தண்ணீர் குடிக்கமுன், ஒரே மாதிரி உடுப்போடு நிறை பாருங்கள். தராசு சமமான சீமெந்துத் தரையில் இருக்கவேண்டும். தனி ஒரு நாளின் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். ஏழு நாளையும் கூட்டி ஏழால் பிரித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். இந்த மாதத்தின் மாதவிடாய்க்குப் பிந்திய கிழமையை அடுத்த மாதத்தின் அதே கிழமையோடுதான் ஒப்பிடவேண்டும். வாட்சைக் கழற்றவேண்டியதில்லை, துடிப்பையும் தூரத்தையும் பாருங்கள். கலோரிப் பகுதியைச் செயலியோடு இணைத்திருப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

நாலு கிழமை முடிய அந்தச் சராசரி 73க்குக் கிட்ட வந்திருந்தால் 1500ஐத் தொடவேண்டாம். கிழமைக்கு முக்கால் கிலோ வேகத்தில் இறங்கி உடம்பும் சோர்ந்திருந்தால், உங்கள் செலவு நான் போட்டதைவிடக் கூட என்று அர்த்தம், 150 கூட்டிச் சாப்பிடுங்கள். நிறையும் இடுப்பளவும் அசையவே இல்லை என்றால் சோற்றைக் குறைக்கமுன் தேங்காய்ப்பூவையும் எண்ணெயையும் பால்மாவையும் இன்னொரு கிழமை நிறுத்து எழுதுங்கள். அதன் பிறகும் நின்றால் 100 குறைக்கலாம், அல்லது தைரொயிட்டுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். 70 கிலோவுக்கு வந்ததும் சூத்திரத்தைத் திரும்பப் போடுங்கள். உடம்பு சிறுத்தால் அதன் செலவும் குறையும், 1500 அப்போது ஐம்பது அளவு இறங்கவேண்டி வரும்.